ஏரிக்கரைப் பறவைகள், நீர்வண்ணக் கண்காட்சி: படத்துக்குக் கீழே எந்தப் பெயரை எழுதுவது?

கலங்கல் | டிசம்பர் 8, இரவு 9.40

வணக்கம். மதுராந்தகம் பக்கம் ஒரு சின்ன ஊர் எனக்கு. எங்கள் ஏரியில் பறவைகள் கூடு கட்டுவதில்லை. கூடு வேடந்தாங்கலில், இரைக்கு எங்கள் ஏரியும் வயலும். விடிந்ததும் வந்து இறங்கும், பொழுது சாயும்போது வரிசை பிடித்துத் திரும்பிப் போகும்.

நாலு வருஷமாக மார்கழியிலிருந்து பங்குனிவரை கரையில் உட்கார்ந்து நீர்வண்ணத்தில் வரைகிறேன். 41 படங்கள் சேர்ந்திருக்கின்றன. போன வருஷம் சென்னையில் ஒரு கூடத்தில் அதில் பன்னிரண்டை மாட்டினார்கள். கீழே ஆங்கிலப் பெயரும் லத்தீன் பெயரும் போதும் என்றார்கள், ஒப்புக்கொண்டேன். வந்தவர்கள் அன்பாகத்தான் பேசினார்கள். ஆனால் எங்கள் ஊரிலிருந்து ஒருத்தர்கூட வரவில்லை. ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, பஸ்ஸுக்கும் காசு கொடுத்து அவர்கள் எப்படி வருவார்கள்?

திரும்பி வந்த பிறகு, ஏரியில் வலை போடும் அண்ணன் ஒருவரிடம் நத்தைகுத்தி நாரை படத்தை போனில் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தார். "அலகு நடுவுல இருக்கற சந்துல வெச்சு நத்தைய நசுக்காதும்மா அது. தரையில அழுத்திப் புடிச்சு, நுனிய உள்ள விட்டு சதைய உருவும். ஓடு அப்படியே கெடக்கும், வா காட்டறேன்" என்றார். கூட்டிப்போய்க் காட்டினார். தண்ணீர் வற்றிய ஓரத்தில் ஓடுகள் குவியலாகக் கிடந்தன. முக்கால்வாசி உடையாதவை. சென்னையில் நூறு பேர் பார்த்த படத்தில் அந்த நத்தை தவறான இடத்தில் இருந்தது, யாரும் சொல்லவில்லை.

அதனால் பொங்கல் கழிந்து மூன்று நாள் எங்கள் ஊர் சமுதாயக்கூடத்திலேயே படங்களை வைக்கப் போகிறேன். சாயங்காலம் தினம் ஒரு பேச்சு, ஏரியைச் சுற்றி இருக்கிற உயிர்களைப் பற்றி. இப்போது என் சிக்கல் அட்டைதான். படத்துக்குக் கீழே ஊரில் சொல்லும் பெயரா, பறவை நூல்களில் வரும் பெயரா? யாரைப் பேசக் கூப்பிடுவது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

தாழைக்கோழி | டிசம்பர் 8, இரவு 10.25

நல்ல காரியம். ஆனால் ஊர்ப்பெயரை மட்டும் போடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். பதினைந்து வருஷமாகப் பறவை பார்க்கிறவன் என்கிற முறையில் சொல்கிறேன்.

எங்கள் பக்கம் வெள்ளையாக நீண்ட காலோடு நின்றால் எல்லாமே கொக்குதான். பெரிய கொக்கு, சின்னக் கொக்கு, உண்ணிக்கொக்கு மூன்றும் ஒரே பெயரில் போய்விடும். நாரை என்கிற பெயர் இன்னும் சிக்கல். மஞ்சள் மூக்கு நாரையும் சாம்பல் நாரையும் ஒரே குடும்பம் இல்லை. முதலாவது கழுத்தை நீட்டிக்கொண்டு பறக்கும், இரண்டாவது கழுத்தை மடித்து இரண்டு தோளுக்கும் நடுவில் வைத்துக்கொண்டு பறக்கும். இந்த வித்தியாசத்தைச் சொல்லித்தர உங்கள் படங்களைவிட நல்ல வாய்ப்பு கிடைக்காது. சங்குவளை நாரை என்றும் மஞ்சள் மூக்கு நாரை என்றும் எழுதுவது ஒரே பறவையைத்தான். அதில் ஒன்றை முடிவு செய்து எல்லா அட்டையிலும் அதையே போடுங்கள். நாளைக்கு ஒரு பிள்ளை கணக்கெடுப்புக்கு வந்தால் அந்தப் பெயர்தான் கைகொடுக்கும்.

மதகடி | டிசம்பர் 9, காலை 6.10

அக்கா, நான் வேடந்தாங்கலுக்குப் பக்கத்து ஊரு. பெயரெல்லாம் எங்ககிட்ட இல்லாம இல்லை. வக்கான்னா ராத்திரி கத்திக்கிட்டுப் போறது. நீர்க்காக்கா முங்கி மீன் புடிச்சிட்டு றெக்கைய விரிச்சுக் காயவைக்கும். பாம்புத்தாரா அதே மாதிரிதான், ஆனா கழுத்து மட்டும் தண்ணிக்கு மேல தெரியும். கரண்டிவாயன், அரிவாள் மூக்கன், கூழைக்கடா, முக்குளிப்பான்... இதெல்லாம் பொஸ்தகத்துல வர்றதுக்கு முன்னாடியே எங்க பாட்டி சொன்னதுதான். பொஸ்தகம்தான் எங்ககிட்டேர்ந்து வாங்கிச்சு.

கொக்குலயும் நாங்க வித்தியாசம் வெச்சிருக்கோம். டிராக்டர் பின்னாடி ஓடி வர்றது உண்ணிக்கொக்கு. மதகுக்கிட்ட ஆடாம அசையாம நிக்கிறது மடையான். நின்னா மண்ணு நெறம், கண்ணுக்கே தெரியாது. பறந்தா பளீர்னு வெள்ளை.

பேச யாரைக் கூப்புடறதுன்னு கேட்டீங்க. மடை தொறக்கற நீர்க்கட்டியைக் கூப்புடுங்க. அவரு கரையை விட்டு எறங்காத மனுசன். எங்க ஊருல கூடு இருக்கற மரத்துக்குக் கீழ எச்சம் விழுந்து தண்ணி கலங்கி நிக்கும். அந்தத் தண்ணி பாஞ்ச வயலுக்கு உரம் கொறச்சுப் போட்டாப் போதும்னு எங்க அப்பா சொல்வாரு. அதனாலதான் கெழவன் கெழவி காலத்துலேர்ந்து பறவைய அடிக்க யாரையும் விடறதில்ல. 1798லயே வெள்ளைக்கார கலெக்டர் எங்க ஊருக்கு அந்த உரிமைய எழுதிக் குடுத்தாருன்னு சொல்வாங்க. சரணாலயம்னு போர்டு வெச்சதெல்லாம் ரொம்பப் பின்னாடி.

பழந்தாள் | டிசம்பர் 9, பிற்பகல் 2.15

மதகடி சொன்ன ஒரு வரி என்னை நிறுத்திவிட்டது: "பொஸ்தகம்தான் எங்ககிட்டேர்ந்து வாங்கிச்சு."

சென்னையில் இதற்கு இருநூறு வருஷத்துக்கும் மேற்பட்ட முன்கதை உண்டு. 1801இல் மதராஸ் உச்ச நீதிமன்ற நீதிபதியின் மனைவியாக வந்த எலிசபெத் குவில்லிம், 1807இல் இங்கேயே இறக்கும்வரை நூற்றுக்கும் மேற்பட்ட பறவைகளை நீர்வண்ணத்தில் வரைந்தார். சில படங்களில் பறவை அதன் உண்மையான அளவிலேயே இருக்கும். உயிரோடு இருக்கும் பறவையைப் பார்த்து வரைந்தவர் அவர். கூடவே இருந்த தங்கை மேரி சைமண்ட்ஸ் மீன்களை வரைந்தார். படங்கள் 1920களில் லண்டனில் விலைக்கு வந்து, இப்போது கனடாவில் மாண்ட்ரியல் நகரத்து மெக்கில் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. நம் கொக்கும் கழுகும் அங்கே பெட்டிக்குள் உறங்குகின்றன.

அந்தப் பறவைகளை உயிரோடு பிடித்துக்கொண்டு வந்தவர்கள் யார்? உள்ளூர்ப் பறவை பிடிப்பவர்கள். எந்தப் பறவை எங்கே இருக்கும், எப்போது வரும் என்பது அவர்களுக்குத் தெரியும். அந்தக் கைகளின் பெயர்களை நான் எங்கும் பார்த்ததில்லை.

இதற்கு நேர் எதிராக ஒன்று. தாவரவியலாளர் ராபர்ட் ஒயிட் தென்னிந்தியச் செடிகளைப் பற்றி வெளியிட்ட நூல்களுக்கு வரைந்தவர்கள் ரங்கையா, கோவிந்து என்ற இரண்டு நம்மூர் ஓவியர்கள். 1838 முதல் 1853 வரை வெளிவந்த ஒரு தொகுதி வரிசையில் மட்டும் 2,101 படங்கள். படத்தின் மூலையில் அவர்கள் பெயர் அச்சாகியிருக்கிறது. ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்கே, அதாவது ஒத்த இனங்கள் சேர்ந்த ஒரு தொகுதிக்கே, கோவிந்துவின் பெயரை வைத்தார் ஒயிட். பிற்காலத்தில் அது வேறு பேரினத்தோடு சேர்க்கப்பட்டுவிட்டது, ஆனாலும் அந்தக் காலத்தில் அப்படி ஒரு மரியாதை நடந்தது.

அதனால் கலங்கல் அவர்களே, பறவையின் பெயரோடு இன்னொரு பெயரையும் அட்டையில் எழுதுங்கள். நத்தைகுத்தியைத் திருத்திக் கொடுத்தாரே அந்த அண்ணன், அவர் சம்மதித்தால் அவர் பெயர். இது அன்புக்காகச் சொல்வது அல்ல. அந்தத் தகவல் எங்கிருந்து வந்தது என்பது பதிவாக வேண்டும்.

கலங்கல் | டிசம்பர் 9, இரவு 8.50

பழந்தாள் ஐயா, படித்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். செய்கிறேன். அண்ணனிடம் கேட்டேன், "போட்டுக்கோம்மா" என்றார். நத்தைகுத்தியையும் புதிதாக வரைகிறேன். பழையதைத் தூக்கிப் போடவில்லை, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டுவேன்.

தாழைக்கோழி சார், நூல் பெயரை விடவில்லை. மேலே பெரிதாக ஊர்ப்பெயர், அடியில் சின்னதாக நூல் பெயர். கொக்கு மூன்றுக்கும் தனித்தனி அட்டை. சம்மதமா?

தாழைக்கோழி | டிசம்பர் 9, இரவு 9.15

அளவு உங்கள் விருப்பம். இரண்டும் இருந்தால் எனக்குச் சண்டை இல்லை.

ஈரத்தாள் | டிசம்பர் 11, காலை 11.30

பெயர் விவாதம் நடக்கட்டும், நான் தாளைப் பற்றிப் பேசுகிறேன். ஏரிக்கரை ஊர், தை மாதப் பனி, சமுதாயக்கூடத்துச் சுவர் ஓதம். மூன்றும் நீர்வண்ணத்துக்கு ஆகாது. கண்ணாடி தாளில் நேராகப் படக் கூடாது. நடுவில் மவுண்ட் அட்டை வைத்து இடைவெளி விடுங்கள். ஒட்டிக்கொண்டால் உள்ளே வேர்த்துப் பூஞ்சை பிடிக்கும். வெளிச்சுவரில் மாட்டாதீர்கள்.

அடுத்தது சிவப்பு. மஞ்சள் மூக்கு நாரையின் வால்பக்கம் அந்த ரோஜா நிறச் சிறகு இருக்கிறதே, அதை எதில் போட்டீர்கள்? அலிசரின் கிரிம்சன் என்றால் வெயில் படப் பட வெளுத்துவிடும். ஓப்பரா பிங்க் அதைவிட மோசம், போட்ட அன்றைக்குக் கண்ணைப் பறிக்கும், சில மாதத்தில் ஓடிவிடும். குவினாக்ரிடோன் ரோஸ், டியூபில் பிவி 19 என்று போட்டிருக்கும், அது நிற்கும்.

வெள்ளைப் பறவைக்கு வெள்ளைச் சாயம் தொடாமல் தாளையே விட்டிருக்கிறீர்களா? மடையான் பறக்கும் படம் இருந்தால் அவசியம் அப்படித்தான் செய்ய வேண்டும். நிழலில் நீலமும் காவியும் மிக இளசாக, பின்னால் இருக்கும் கோரைப்புல்லை அடர்த்தியாக. அப்போதுதான் மதகடி சொன்ன அந்தப் பளீர் வரும். வெள்ளையாக விட வேண்டிய இடத்தை மறைக்க மாஸ்கிங் திரவம் தடவினால் அன்றைக்கே உரித்துவிடுங்கள். நம்மூர் வெயிலில் இரண்டு நாள் விட்டால் தாளையே பிய்த்துக்கொண்டு வரும்.

கலங்கல் | டிசம்பர் 11, இரவு 7.20

தாளைத்தான் விட்டிருக்கிறேன். 300 ஜிஎஸ்எம் கனமுள்ள பருத்தித் தாள், விலை அதிகம் என்பதால் நாலாக வெட்டி வரைவேன். ரோஜா நிறம்தான் பயமாக இருக்கிறது. முதல் வருஷத்துப் படங்கள் இரண்டில் அலிசரின். அவற்றைக் கண்காட்சிக்கு எடுக்காமல் புதிதாகப் போட்டுவிடுகிறேன்.

உள்ளான் | டிசம்பர் 13, இரவு 10.05

ஒரு கேள்வி. படங்களில் கூடு ஏதாவது இருக்கிறதா? இருந்தால் எந்த இடம் என்று எழுதப் போகிறீர்களா?

எங்கள் ஊர்க் குளத்தில் நடந்ததைச் சொல்கிறேன். ஆள்காட்டி முட்டை இட்டிருந்த படத்தை ஒருவர் இடத்தோடு போட்டார். மறுவாரம் கேமராவோடு பத்துப் பேர். ஆள்காட்டிக்குக் கூடு என்று ஒன்று கிடையாது, வெறும் தரையில் கூழாங்கல்லுக்கு நடுவில் முட்டை. மிதித்தாலும் தெரியாது. தாய் அலறிக்கொண்டே தலைக்கு மேல் சுற்றியது. பங்குனி வெயிலில் அது எழுந்துபோனால் முட்டை வெந்துவிடும். நாலில் ஒன்றுகூடப் பொரியவில்லை.

படம் வரைகிறவர்களுக்கும் இது பொருந்தும். கேமராக்காரர் பத்து நிமிஷம் நிற்பார், நீங்கள் இரண்டு மணி நேரம் உட்காருவீர்கள்.

ஈரத்தாள் | டிசம்பர் 13, இரவு 10.40

இதில் எனக்கு முழுச் சம்மதம் இல்லை. கூட்டையே காட்டாவிட்டால் ஜனங்களுக்கு அதன் அருமை எப்படித் தெரியும்? வெறும் தரையில் முட்டை இருக்கும் என்று தெரிந்தால்தானே ஏரி உள்வாயில் வண்டி ஓட்டுகிறவன் பார்த்து ஓட்டுவான்?

உள்ளான் | டிசம்பர் 13, இரவு 10.58

படத்தைக் காட்டுங்கள், இடத்தைச் சொல்லாதீர்கள் என்கிறேன். அவ்வளவுதான்.

தாழைக்கோழி | டிசம்பர் 14, காலை 7.30

உள்ளான் பக்கம் நான். இன்னொன்றும் சொல்ல வேண்டும். கண்காட்சி என்றால் பக்கத்தில் காலிக் கூடு, முட்டை ஓடு எல்லாம் வைக்கலாம் என்று பிள்ளைகள் ஆர்வமாகக் கொண்டுவருவார்கள். வேண்டாம். கூட்டையும் முட்டையையும் எடுப்பது 1972ஆம் வருஷத்துக் காட்டுயிர் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வேடந்தாங்கலில் ஏரி மட்டும் சரணாலயம் என்று பலரும் நினைக்கிறார்கள். 1998 அறிவிக்கையில் ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் ஆரமும் அடங்கும். உங்கள் ஊர் அதற்குள் வருகிறதா என்று பாருங்கள், வந்தால் பேச்சில் சொல்லுங்கள்.

கலங்கல் | டிசம்பர் 14, இரவு 9.00

ஆள்காட்டி முட்டைப் படம் ஒன்று இருக்கிறது. தூரத்தில் வரப்பில் உட்கார்ந்து, பைனாகுலரில் பார்த்து வரைந்தது. தாய் எழவே இல்லை. படத்தை வைக்கிறேன், இடம் எழுதவில்லை. பின்னணியில் இருந்த பனைமரம் இரண்டும் ஊர்க்காரருக்கு அடையாளம் காட்டிவிடும் என்று தோன்றியது. ஈரத் தூரிகையால் தொட்டுத் தொட்டு எடுத்துவிட்டேன். லேசாகக் கறை நிற்கிறது, பனி மாதிரி.

கலங்கல் | ஜனவரி 27, இரவு 10.30

முடிந்தது. மூன்று நாள் கதையையும் எழுதச் சொல்லி நாலு பேர் தனியாகக் கேட்டிருந்தீர்கள். தூக்கம் வரவில்லை, எழுதிவிடுகிறேன்.

முதல் நாள் மத்தியானம்வரை பள்ளிக்கூடப் பிள்ளைகள் மட்டும்தான். பெரியவர்கள் வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். நாலு மணிக்கு மேல் நடவு முடித்துத் திரும்பிய பெண்கள் சேற்றுக் காலோடு உள்ளே வரத் தயங்கி நின்றார்கள். நான் போய்க் கையைப் பிடித்து அழைத்து வந்தேன். அதற்கப்புறம் கூடத்தில் இடம் இல்லை.

நீர்க்கட்டித் தாத்தா பேசினார். மேடை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, படம் படமாகப் போய் நின்று பேசினார். மடையில் நிற்பதால் அது மடையான் என்றார். தண்ணீர் திறக்கும்போது மதகு வழியாகச் சின்ன மீன் வெளியே வரும், அது அந்த நேரத்தை அறிந்து முன்னாலேயே வந்து நிற்குமாம். "நான் சாவிய எடுத்துக்கிட்டு வூட்ட வுட்டு கெளம்பறத அது பாத்துடும்" என்றார். ஏரியில் முன்பு இருந்த கெண்டையும் விராலும் குறைந்து ஜிலேபி மீன் நிறைந்துவிட்டதையும் அவர்தான் சொன்னார். கூழைக்கடா ஜிலேபியைத் தின்கிறது, ஆனால் முக்குளிப்பானுக்கு அந்தப் பெரிய மீன் வாயில் போகாது, அதனால் அது வாய்க்கால் பக்கம் ஒதுங்கிவிட்டதாம். இது எந்த அளவு சரி என்று தாழைக்கோழி சார்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். நான் அட்டையில் அவர் சொன்னபடியே எழுதி, அவர் சொன்னது என்றும் எழுதினேன்.

அன்றைக்குத்தான் ஒன்று நடந்தது. நீலத்தாழைக்கோழி படம், எனக்கு மிகவும் பிடித்தது. ஊதா, நீலம், பச்சை மூன்றும் ஈரத்தில் தானாகக் கலந்து வந்த முதுகு. ஒரு விவசாயி அதன் முன்னால் நின்று, சத்தமாக, "அழகா வரைஞ்சிருக்கீங்க. ஆனா என் பயிரை முறிக்கறது இதுதான். தண்டைக் கால்ல புடிச்சு, கடிச்சு, தூக்கிப் போட்டுட்டுப் போவுது. இதுக்கு வேட்டு வெக்கக் கூடாதுன்னு சொல்லத்தான் எங்களக் கூப்டீங்களா?" என்றார். கூடம் அமைதியாகிவிட்டது.

எனக்குப் பதில் தெரியவில்லை. அவர் பயிர் அவர் சோறு. பேனாவைக் கொடுத்து, "அண்ணே, இந்த அட்டையில அதையே எழுதுங்க" என்றேன். எழுதினார். கீழே பெயரும் போட்டார். மறுநாள் இன்னொருவர் அதன் அடியிலேயே எழுதியிருந்தார், கோரையை ஒட்டிய முதல் இரண்டு பாத்தியில்தான் சேதம், நான் அங்கே நடவு செய்வதில்லை என்று. மூன்றாம் நாள் இரண்டு பேரும் அந்தப் படத்துக்கு முன்னால் நின்று அரை மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். அட்டையைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

இரண்டாம் நாள் பாம்பு. பேசியது இருளர் குடியிருப்பிலிருந்து வந்த அம்மா. வடநெம்மேலியில் 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்துக்காக அவர் வீட்டுக்காரர் பல வருஷம் பாம்பு பிடித்தவர். நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நாலிலிருந்தும் விஷம் எடுத்துத்தான் பாம்புக்கடிக்கு மருந்து செய்கிறார்கள் என்று அவர் சொன்னபோது, இத்தனை வருஷம் பக்கத்தில் இருந்தும் எங்கள் ஊரில் பலருக்கு அது தெரியவில்லை. ஏரியில் வலையில் சிக்கும் தண்ணீர்ப் பாம்புக்கு விஷம் இல்லை, அடிக்காதீர்கள், எடுத்து விடுங்கள் என்றார். நான் வரைந்த சாரைப்பாம்பைப் பார்த்து, தலை பெரிதாக இருக்கிறது என்றார். திருத்த வேண்டும்.

மூன்றாம் நாள் மழைத் தூறல், கூட்டம் குறைவு. வயலில் வேலை செய்யும் பெண்கள் நண்டு, தவளை, நத்தை பற்றிப் பேசினார்கள். பூச்சிமருந்து அடித்த வயலில் நண்டு மேலே வந்து கிடப்பதை ஒரு அக்கா சொன்னபோது வேறு யாரும் பேசவில்லை.

இன்னொன்று சொல்லாமல் விட முடியாது. பிள்ளைகளுக்கு வண்ணம் கலக்கக் காட்டினேன். சாயப்பொடி தாளில் ஒட்டுவதற்கு ஒரு பிசின் சேர்ப்பார்கள், ஆப்பிரிக்காவில் வளரும் ஒரு வேலமரத்துப் பிசின் என்றேன். பின்னால் இருந்த ஆயா ஒருவர், "நம்ம கருவேலம் பிசின் மாதிரியா?" என்று கேட்டார். ஆமாம், அதே வகைதான். அவர் சின்ன வயசில் கரைமேல் இருந்த கருவேல மரங்களில் பிசின் எடுத்து விற்றவராம். வேடந்தாங்கலில் நாரைகள் கூடு கட்டும் மரங்களில் கருவேலமும் ஒன்று. மறுநாள் காலை ஒரு தாளில் மடித்து, பொன் நிறத்தில் நாலு கட்டிப் பிசின் கொண்டுவந்து கொடுத்தார். வெந்நீரில் கரைத்து, கரையிலிருந்து எடுத்த செம்மண்ணைச் சலித்து அரைத்துக் கலந்தேன். பிள்ளைகள் அதில் ஆளுக்கொரு மடையான் வரைந்தார்கள். முதுகின் நிறம் சரியாக வந்தது.

மதகடி | ஜனவரி 28, காலை 5.55

அக்கா, கடேசி நாள் வந்திருந்தேன், ஒங்ககிட்ட சொல்லல. ஆள்காட்டி படத்துல அந்த ரெண்டு பனமரம் இல்லேன்னாலும் எனக்கு எடம் தெரிஞ்சுபோச்சு. யாருகிட்டயும் சொல்லல.

பழந்தாள் | ஜனவரி 28, காலை 9.20

அட்டைகள் அத்தனையையும் ஸ்கேன் செய்து வையுங்கள். ஊர்ப்பெயர், சொன்னவர் பெயர், அடியில் மற்றவர்கள் எழுதியது, எல்லாம். படங்களைவிட அவை முதலில் செல்லரித்துவிடும்.

தாழைக்கோழி | ஜனவரி 28, மதியம் 12.40

முக்குளிப்பான் விஷயம் என்னை விடவில்லை. அது சின்னஞ்சிறு மீனும் தண்ணீர்ப் பூச்சியும் தின்னும் பறவை. ஜிலேபிக் குஞ்சு அதன் வாய்க்குள் போகும், பெரியது போகாது. அதனால் தாத்தா சொல்வதைத் தள்ளவும் முடியவில்லை, அப்படியே எடுக்கவும் முடியவில்லை. வாய்க்காலில் எத்தனை, ஏரியில் எத்தனை என்று நாலு மாதம் எண்ண வேண்டும். வருகிற ஞாயிறு நான் வருகிறேன். தாத்தா மதகுக்கு எத்தனை மணிக்கு வருவார்?

கலங்கல் | ஜனவரி 28, இரவு 8.10

ஐந்தரைக்கு. கம்பளி கொண்டுவாருங்கள், கரையில் பனி கடுமை.

விவசாயி அண்ணன் எழுதிய நீலத்தாழைக்கோழியைச் சென்னைக்காரர் ஒருவர் விலைக்குக் கேட்டார், கொடுக்கவில்லை. அது ஊராட்சி நூலகத்துக்கு, அட்டையோடு. பழைய நத்தைகுத்தியும் புதிய நத்தைகுத்தியும் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு. தலைமையாசிரியை அம்மா சுவரைக் காட்டினார். வடக்குப் பக்கம், வெயில் படாது, ஓதமும் இல்லை. நாளை ஆணி அடிக்கிறோம்.